கூட்டாத முற்றம்

எங்கள் வீட்டு வாசலுக்கு இரண்டு படிகள். போன மாதம் அடித்த மழைக்குப் பிறகு மூன்று.

மூன்றாவதை யாரும் கட்டவில்லை. காலையில் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டுக் காலை வைத்தேன் – நிலம் இருக்க வேண்டிய இடத்தில் நிலம் இல்லை. கால் இன்னும் கீழே போய்க் கருங்கல்லில் முட்டியது. அது படியல்ல, அத்திவாரம். வீடு கட்டியபோது அப்பா மண்ணுக்குள் புதைத்த கல்.

சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தேன். அடுப்பு இருக்கிற குசினிப் பக்கம் இன்னும் மோசம். மூலைக் கல்லுக்குக் கீழே கை நுழையும் அளவுக்கு ஓட்டை. சுவரில் நூல்போல ஒரு வெடிப்பு. இன்னும் இரண்டு பெருமழை வந்தால் குசினி நிற்குமா?

வாசலில் போகிற எங்கள் ஒழுங்கை மேட்டிலிருந்து உள்துறைமுகத்தை நோக்கி இறங்குகிறது. வீட்டைச் சுற்றிய வளவும் அதே சரிவுதான். முற்றத்தில் விரல் அகலத்தில் தொடங்கிய கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்து, கேற்றடியில் வாய்க்காலாகவே ஆகியிருந்தன. அங்கிருந்து ஒழுங்கை. ஒழுங்கையிலிருந்து மழைநீர்க் கான். கானிலிருந்து கடல். கீழே கரையோரத் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் கிடந்தது.

துறைமுகத்துக்குள் போவதற்கு எனக்குப் பாஸ் இல்லை. எங்கள் வளவு மண் ஒரு பாஸும் இல்லாமல் போய்விட்டது… சென்றிக் காவலரணில் யாரும் மறிக்கவுமில்லை!

நினைத்துச் சிரித்தேன். சொல்லிச் சிரிக்க வீட்டில் ஆள் இல்லை.

சண்டைக்குப் பயந்து அப்பாவும் அம்மாவும் படகேறி இந்தியாவுக்குப் போய் அகதி முகாமில் இருக்கிறார்கள். நான் போகவில்லை. எங்கள் குடும்பத்தில் கையெழுத்து வைக்கத் தெரிந்த முதல் ஆள் நான். எனக்கு முன்னால் எல்லாரும் பெருவிரல்தான். வலை இழுத்துப் படிக்கவைத்தார்கள், ரீச்சர் ஆனேன். அதை விட்டுவிட்டு முகாமில் போய்ச் சாப்பாட்டு வரிசையில் நிற்க எனக்கு மனமில்லை. பெருமைதான். ஏன் மறைக்க வேண்டும்?

போகும்போது அம்மா சொன்னது ஒன்றுதான். "ஒவ்வொரு நாளும் முத்தம் கூட்டு பிள்ளை. கூட்டாட்டி ஆளில்லாத வீடெண்டு வந்து பூந்திடுவாங்கள்."

இங்கே இருப்பவர்களுக்கு இது விளங்கும். யார் இருக்கிறார்கள், யார் ஓடிவிட்டார்கள் என்று அறிய இந்த நாட்களில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. முற்றத்தைத்தான் பார்க்கிறார்கள். ஈர்க்கு விளக்குமாற்றின் வரி தெரிந்தால் ஆள் இருக்கிறது. புல் தெரிந்தால் வீடு சும்மா கிடக்கிறது. எங்கள் ஒழுங்கையில் புல் முளைத்த வீடுகளிலெல்லாம் இப்போது வேறு ஆட்கள். கேட்கவா முடியும்?

ஆகவே கூட்டினேன். ஒரு சருகு விடாமல். புல் தலைகாட்டினால் வேரோடு பிடுங்கி எறிந்தேன். வேலியில் நின்ற பூவரசையும் கிளுவையையும், சென்றிக்குப் பார்வை மறைக்கிறது என்று படையினர் முன்னரே தறிக்கச் சொல்லிவிட்டார்கள். அடிக்கட்டைகளும் உக்கிப்போயின. ஆக, மழைக்கும் மண்ணுக்கும் நடுவில் மிச்சம் ஒன்றுமில்லை.

வகுப்பில் நானே செய்து காட்டுகிற பாடம் இது. இரண்டு தட்டில் மண். ஒன்றில் புல் இருக்கும், மற்றது வெறும் மண். சரித்து வைத்துப் பூவாளியால் ஊற்றினால், புல் தட்டிலிருந்து தெளிந்த நீர் வடியும், மற்றதிலிருந்து சேறு. துளி விழுகிற வேகத்தில் மண் உடைகிறது. ஓடுகிற நீர் உடைந்ததை அள்ளிக்கொண்டு போகிறது. மறிக்க வேருமில்லை, சருகுமில்லை. இதையெல்லாம் கரும்பலகையில் படம் போட்டு விளக்கிவிட்டு, வீட்டுக்கு வந்து விளக்குமாற்றை எடுப்பேன்…

கூட்டினால் மண் போகும், பின்னாலேயே வீடும் போகும். கூட்டாவிட்டால் வீடு நிற்கும் – ஆனால் அதில் யார் இருப்பார்கள்?

விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினேன்.

சரிவுக்குக் குறுக்கே தேங்காய் மட்டைகளை வரிசையாகப் புதைத்தேன். கான் கரையிலிருந்து அறுகம்புல் பிடுங்கி வந்து நட்டேன். குசினி மூலையில் கல் அடுக்கி மண் இட்டேன். கேற்றிலிருந்து வாசல்வரை ஒற்றையடிப் பாதை ஒன்றை மட்டும் கூட்டினேன், அதையும் வளைத்து. நேராகக் கூட்டினால் அதுவே அடுத்த வாய்க்கால்.

பக்கத்து வளவுப் பரமேஸ்வரி அக்காவுக்கு வாய் சும்மா இருக்காது. "என்ன ரீச்சர், விளக்குமாறு தேஞ்சு போச்சோ?" என்றார். மழையையும் மண்ணையும் பற்றி நான் சொன்னதை முழுவதும் கேட்டார். தலையாட்டினார்.

"அது சரி. பாதையை ஏன் பாம்பு போன மாதிரிக் கூட்டி வச்சிருக்கிறீங்கள்? குடிச்சிட்டோ கூட்டினனீங்கள்?"

அந்த வாரம் என் காதில் விழுந்த ஒரே பகிடி அது.

மழை விட்டுவிட்டுப் பெய்தது. அறுகு பிடித்துக்கொண்டது. மட்டைகளுக்கு மேற்புறம் மண் ஒதுங்கியது. கேற்றடியில் வடிந்த தண்ணீரைக் கையில் ஏந்திப் பார்த்தேன். உள்ளங்கை ரேகை தெரிந்தது.

போன புதன்கிழமை பின்னேரம் அந்த ஆள் வந்தார். யாரென்று தெரியாது. கேற்றைத் தள்ளிக்கொண்டு வந்து, புல்லின் நடுவில் நின்று கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். வீடு வாங்க வந்தவர் போல. பிள்ளைகளின் கொப்பி திருத்திக்கொண்டிருந்த நான் சிவப்புப் பேனையோடு வாசலுக்கு வந்தேன்.

"இஞ்ச ஆக்கள் இருக்கினமோ?"

"நான் இருக்கிறன்."

"நீங்கள் மட்டுமோ?"

"நான் இருக்கிறன் எண்டு சொன்னனான்."

என்னைப் பார்த்தார். புல்லைப் பார்த்தார். முற்றத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே என்று சொல்லிவிட்டுப் போனார். கேற்றைச் சாத்தவில்லை. நான் போய்ச் சாத்தினேன். உள்ளே வந்து ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். வீட்டில் நாலு பேர் கதைக்கிறது போல இருக்கட்டுமே.

சனிக்கிழமை அம்மாவின் அழைப்பு. சந்திக் கடைத் தொலைபேசிக்கு எடுப்பார். என்னைப்போல இன்னும் பலர் அங்கே காத்திருப்பார்கள். எல்லார் கதையும் எல்லாருக்கும் கேட்கும். சுகம் விசாரித்தார். என்ன சமைத்தாய் என்றார். பிறகு வழமையான கேள்வி.

"முத்தம் கூட்டுறனியே?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். கடலுக்கு அந்தப் பக்கமிருந்து பார்க்கவா போகிறார்? வாய் வரவில்லை.

"விட்டிட்டன் அம்மா."

அம்மா மிக மெதுவாகக் கேட்டார் –

"அப்ப நீயும் இஞ்ச வர வெளிக்கிட்டிட்டியோ பிள்ளை?"

அந்தக் குரலில் இருந்தது பயமா, ஆசையா? நாலு நாளாக யோசிக்கிறேன். தெரியவில்லை.

"இல்லையம்மா. இருக்கிறதுக்குத்தான் விட்டனான்."

அறுகம்புல்லைப் பற்றிச் சொல்லத் தொடங்கும்போதே லைன் அறுந்துவிட்டது. அடுத்தவர் கை நீட்டினார். கொடுத்துவிட்டு நடந்தேன்.

முற்றம் கூட்டுவது வீட்டுக்கு வரப்போகிற சொந்தங்களுக்காக என்பார்கள். எனக்கு அப்படி யாரும் வருவதாக இல்லை… மண்ணாவது தங்கட்டும்.