தனித்தனி லாரிகளாம்!

எங்கள் திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டுக்கு லாரி எப்போது வரும் என்று கணிக்க, பழைய முறை ஒன்று, புதிய முறை ஒன்று. எது மேல் என்று சோதிப்பது என் வேலை.

மேனேஜர் ஒவ்வொரு லாரியும் மற்றதோடு சம்பந்தமில்லாத தனி வண்டி என்று வைத்துக்கொண்டு, டி-டெஸ்ட் என்ற புள்ளியியல் சோதனையைப் போட்டுவிட்டார். "புதுசு ஜெயிச்சிடுச்சு, ரிப்போர்ட்ட அனுப்பு."

"சார், எல்லாம் ஒரே க்யூ. முன்னாடி ஒண்ணு நின்னா பின்னாடி அத்தனையும் லேட்டு. நாள் நாளாத்தான் ஒப்பிடணும். இந்த டெஸ்ட் ஒத்துவராது."

"அப்டிப் பாத்தா ஜெயிக்கலையே. பேஜார் பண்ணாத."

புது முறை சொல்லும் நேரத்தை நம்பித்தான் நாளை முதல் டிரைவர்களை வரச் சொல்லப்போகிறார்கள்.

மாலையில் அவரே போன் செய்தார். "எண்ணூர் ரோட்ல எவனோ டயர் வெடிச்சு நின்னுகினு கீறான்பா. பின்னாடி மொத்தப் பேரும் மாட்டிக்கினோம். லேட்டாவும்."

"உங்க வண்டி தனிதானே சார்?" என்றேன்.

லைன் கட். தற்செயலா, கோபமா? இதற்கு எந்த டெஸ்ட் போடலாம், சொல்லுங்கள்.