சிரிக்கிற அப்பா வேஷம்

விசா ஆபீசில் நான் அழுதிருக்கக் கூடாது. எத்தனையோ வருஷம் கழித்து இதை எழுதும்போதும் எனக்கு என் மேல்தான் ஆத்திரம் வருகிறது. ஃபிஜியில் ராணுவம் முதல் தடவை ஆட்சியைப் பிடித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. சுவாவில், நாங்கள் குடியிருந்த சமபுலா தெருவில், வாரத்துக்கு ஒரு இந்தியர் வீடு காலியாகிக்கொண்டிருந்தது. என் மனைவியின் அண்ணன் நியூசிலாந்தில், ஆக்லாந்தில் இருந்தார். "ஊர் பாக்க வர்றோம்னு சொல்லி வந்துடுங்க மாப்ளே, மிச்சத்த இங்க பாத்துக்கலாம்" என்று போனில் சொன்னார். நான், மனைவி, பத்து வயது மகள், மூன்று பேருக்கும் மனுப் போட்டோம். ஊர் பார்க்கப் போகிறவன் சிரித்த முகத்தோடு போய் நிற்க வேண்டும் என்கிற சின்ன அறிவு எனக்கு இல்லாமல் போனது.

பகலில் நான் துறைமுகக் கிடங்கில் குமாஸ்தா. திருவிழாக் காலத்தில் கோயில் நாடகத்தில் நடிகன். நாட்டை இழந்த ராஜா, பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன், இப்படி எந்த நாடகம் போட்டாலும் அழுகிற வேஷம் எனக்குத்தான் வரும். இருபது வருஷமாக அழுது அழுது நல்ல பெயர் வாங்கியிருந்தேன். அந்தத் திமிரோடுதான் விசா அதிகாரியின் முன்னால் உட்கார்ந்தேன். இந்த நேரத்தில் ஏன் ஊர் சுற்றப் போகிறீர்கள் என்று அவர் கேட்டதும், சிப்பாய்கள் தெருவில் நிற்பது, பள்ளிக்கூடத்துக்குப் போன மகள் வீடு திரும்பும் வரை மனைவி வாசலிலேயே நிற்பது, எல்லாவற்றையும் சொல்லிக் கண்ணீர் விட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி, சபை நம் கைக்குள் வந்துவிட்டது என்று.

மனைவிக்கும் மகளுக்கும் விசா கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை. மூன்று பேரும் போனால் திரும்ப மாட்டீர்கள், நீங்கள் இங்கே இருந்தால் அவர்கள் திரும்பி வருவார்கள் என்று அதிகாரி பொறுமையாக விளக்கினார். என்னைப் பிணையாக வைத்துக்கொண்டார்கள் என்பதுதான் அதற்கு அர்த்தம். எனக்கு அடுத்தபடியாகப் போன பக்கத்து வீட்டுக்காரர் கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு, ஈயென்று இளித்துக்கொண்டு உள்ளே போனார். அவர் வீட்டில் ஐந்து பேருக்கும் கிடைத்தது.

நான் வராவிட்டால் தானும் போகவில்லை என்று மனைவி பிடிவாதமாக இருந்தாள். போகச் சொல்லி நான்தான் சண்டை போட்டேன். அப்படிச் சண்டை நடந்துகொண்டிருந்த நாட்களில்தான் மெட்ராசிலிருந்து ஒரு சினிமாக் கூட்டம் வந்து இறங்கியது. சுற்றுலாப் பயணிகள் பயந்து வராததால் தீவின் மறுகோடியில் நாண்டிப் பக்கம் ஓட்டல்கள் காலியாகக் கிடந்தன, மலிவாகக் கிடைக்கிறது என்று வந்துவிட்டார்கள். முழுக்க முழுக்கப் பாட்டும் ஆட்டமுமான படம். கதாநாயகிக்கு அப்பாவாக நடிக்க வேண்டியவர் துப்பாக்கி என்றதும் மெட்ராசிலேயே நின்றுவிட்டார். தமிழ் பேசத் தெரிந்த நடிகர் யாராவது உண்டா என்று விசாரித்திருக்கிறார்கள். எங்கள் கோயில்காரர்கள் என் பெயரைச் சொல்லிவிட்டார்கள்.

முதலில் எனக்கு இஷ்டமில்லை. ராஜா வேஷம் கட்டியவன் இருபது பெண்களுக்கு நடுவில் இடுப்பை ஆட்டுவதா என்று இருந்தது. அப்போது டைரக்டர் ஒரு வார்த்தை சொன்னார். "பாட்டுல பாதி இங்க எடுக்கறோம். ரெண்டாவது சரணம் நியூசிலாந்துல, பனிமலையில. யூனிட்டோட நீங்களும் வர்றீங்க. விசா எங்க பொறுப்பு." அதற்குப் பிறகு அவர் என்னைக் குட்டிக்கரணம் போடச் சொல்லியிருந்தாலும் போட்டிருப்பேன். மனைவியிடம் சொன்னேன். அவள் உடனே பெட்டி கட்ட ஆரம்பித்தாள்.

நாண்டி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வோட்டுவாலேவுவில் மனைவியின் சித்தி மகள் வீடு இருந்தது. சுவாவிலிருந்து நாங்கள் மூவரும் பஸ் ஏறி அங்கே போய்த் தங்கினோம். வழியில் இரண்டு இடத்தில் சிப்பாய்கள் பஸ்ஸை நிறுத்திப் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். மகளின் பள்ளிச் சட்டையை ஒருவன் உதறிப் பார்த்துவிட்டு, பத்திரமாக மடித்து வைத்தான். அவனைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை.

ஒத்திகையில் என் மானம் போனது. எங்கள் மேடையில் நடிக்கிறவன்தான் பாட வேண்டும், அதுவும் கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி. டேப்பைப் போட்டதும் நான் வழக்கம்போல் தொண்டையைத் திறந்தேன். பாட்டுச் சத்தம் என் சத்தத்தில் அமுங்கி, ஆடுகிற பெண்கள் தாளம் தப்பி ஒருவர் மேல் ஒருவர் மோதிக்கொண்டார்கள். டான்ஸ் மாஸ்டர் ஓடி வந்தார். "அண்ணே, பாடறதுக்கு ஆள் வெச்சுப் பாடியாச்சு. நீங்க வாய மட்டும் அசைங்க, சிரிங்க, அது போதும்" என்றார். வாயை அசைப்பதை ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொண்டேன். சிரிப்புத்தான் வரவில்லை. வெளிநாட்டிலிருந்து மகள் வந்து இறங்குகிறாள், அப்பா ஆனந்தமாகப் பாடி ஆடி வரவேற்கிறார், அதுதான் காட்சி. என் முகம் அழுகைக்கே பழகிப் போன முகம். நான் பல்லைக் காட்டினால் பல் வலிக்காரன் மாதிரி இருந்தது. டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அண்ணே, பொண்ணு ஊர்லேர்ந்து வந்திருக்கா. செத்துப் போகல."

அந்தக் காட்சியை விமான நிலைய வாசலில் எடுக்க ஒரே ஒரு நாள் அனுமதி கிடைத்தது. மனைவியும் மகளும் புறப்படும் நாளும் அதுவாக அமைந்தது. காலையில் பாட்டு, இரண்டு மணிக்கு விமானம். நடுவில் போய் வழியனுப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அன்று காலை மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே மனைவி கேட்டாள், "ஒரு மாசத்துல வந்துடுவீங்க, இல்ல?"

"வந்துடுவேன்."

"அந்தப் படத்துக்காரங்க ஏமாத்திட மாட்டாங்களே?"

"நான் சரியா செஞ்சா கூட்டிக்கிட்டுப் போவாங்க."

"அப்போ சரியா செய்யுங்க" என்றாள். மகளுக்கு நாங்கள் பேசியது புரியவில்லை. எங்கள் வீட்டில் தமிழ் எனக்கும் மனைவிக்கும் நடுவில்தான், அதுவும் பாதிப் பேச்சு. மகளுக்குத் தெரிந்ததெல்லாம் தெருவில் பேசுகிற ஃபிஜி இந்திதான். அவளிடம் நான் இந்தியில், மத்தியானம் வந்து உன்னைத் தூக்கிச் சுற்றிவிட்டு அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

பட்டு ஜிப்பா, கழுத்தில் மாலை, கன்னத்தில் சிவப்புச் சாயம். பயணிகள் வரும் வாசலுக்கு முன்னால் கயிறு கட்டி வேடிக்கை பார்க்க வந்தவர்களை ஒதுக்கியிருந்தார்கள். அதில் பாதிப் பேர் பெட்டியோடு நின்றவர்கள், ஊரை விட்டுப் போகிறவர்கள். துப்பாக்கி மாட்டிய சிப்பாய் ஒருவன் பாட்டுக்குக் காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். வெள்ளித் தாள் ஒட்டிய பெரிய பலகைகளால் வெயிலைத் திருப்பி என் முகத்தில் அடித்தார்கள். எனக்கு எதிரே கேமராவைத் தவிர எதுவும் தெரியவில்லை, ஒரே வெளிச்சம்.

முதல் டேக், மூன்றாவது டேக், எட்டாவது டேக். ஆட்டம் சரியாக வந்தபோது சிரிப்பு வரவில்லை, சிரித்தபோது வாயசைப்பு தப்பியது. பன்னிரண்டு மணி தாண்டிவிட்டது. ஐந்து நிமிஷம் விடுங்கள், என் வீட்டார் இன்றைக்குப் போகிறார்கள் என்று டைரக்டரிடம் கெஞ்சினேன். அவர் கெட்டவர் இல்லை, அவருக்கும் நேரம் போய்க்கொண்டிருந்தது. "போங்கண்ணே, நான் தடுக்கல. ஆனா வெயில் எறங்கறதுக்குள்ள இது வரலன்னா அப்பா கேரக்டரையே தூக்கிடுவேன். நியூசிலாந்துக்கு அப்பா வேண்டாம்."

நான் போகவில்லை. போயிருக்க வேண்டுமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவர்களிடம் ஒரு நிமிஷம் போய்ச் சேர்வதா, அவர்களோடு வாழ்நாள் முழுக்க இருப்பதா என்று அப்போது எனக்கு அது அவ்வளவு தெளிவாக இருந்தது.

டான்ஸ் மாஸ்டர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "யாரப் பாத்தா ஒங்களுக்குச் சந்தோஷம் வரும்? அவங்க எதிர்ல வர்றதா நெனச்சுக்குங்க" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆக்லாந்தில் இறங்குகிறேன். கதவு திறக்கிறது. மனைவி கையை விட்டுவிட்டு மகள் ஓடி வருகிறாள், புது ஸ்வெட்டர் போட்டிருக்கிறாள். பாட்டு ஆரம்பித்தது. சிரிப்பு தானாக வந்தது. என் வயசில் அப்படி நான் சிரித்ததே இல்லை. கையை விரித்துச் சுற்றினேன், குதித்தேன், வாயசைப்பு ஒரு எழுத்துத் தப்பவில்லை. பாட்டு முடிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். டைரக்டர் ஓடி வந்து கட்டிக்கொண்டார்.

மாலையைக் கழற்றாமலே புறப்படும் பக்கத்துக்கு ஓடினேன். அவர்கள் உள்ளே போய்விட்டிருந்தார்கள். சித்தி மகள் மட்டும் நின்றிருந்தாள். "கவுத்துக்கிட்டதான் நின்னாங்க, கடைசி நிமிசம் வரைக்கும். கொழந்த கூப்பிடப் பாத்தா. அக்காதான், அப்பா வேல கெட்டுப் போயிடும், சத்தம் போடாதன்னு வாயப் பொத்திட்டா" என்றாள். நான் அவர்களிடமிருந்து இருபது அடி தூரத்தில் ஆடியிருக்கிறேன். விமானம் கிளம்பிப் போவதைப் பார்த்தேன். ஒரு மாதம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதற்கு அடுத்த வாரம் ராணுவம் இரண்டாவது தடவை ஆட்சியைப் பிடித்தது. சினிமாக்காரர்கள் கிடைத்த விமானத்தில் ஏறினார்கள், நியூசிலாந்துக்கு இல்லை, மெட்ராசுக்கு. ஓட்டலுக்குப் போன் செய்தேன், அறைகள் காலி என்றார்கள். மிச்சப் படத்தில் என்னை ஒரே ஒரு வசனத்தில் சாகடித்துவிட்டார்கள் என்று பின்னால் தெரிந்தது. நான் மறுபடியும் விசா ஆபீசுக்குப் போனேன். இந்தத் தடவை கற்றுக்கொண்ட சிரிப்பைச் சிரித்துக்கொண்டே போனேன். அதே அதிகாரி காகிதத்தைப் புரட்டிவிட்டு, உங்கள் மனைவியும் மகளும் இன்னும் திரும்பவில்லையே என்றார். அதற்கு மேல் சிரித்து என்ன பிரயோஜனம்.

சமபுலா வீட்டில் நான் தனியாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்கள் போன் செய்வார்கள். மகள் முதலில் நிறையப் பேசினாள், பிறகு கொஞ்சம், பிறகு கேட்டதற்கு மட்டும் பதில். ஒன்றரை வருஷம் கழித்து ஒரு ஞாயிறு, அவளே ரிசீவரை வாங்கிப் பேசினாள். ஆக்லாந்தில் யாரோ அந்தப் படத்தின் கேசெட்டைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். பாட்டை இரண்டு தடவை பார்த்தாளாம். அதில் ஒரு வார்த்தைகூட அவளுக்குப் புரிந்திருக்காது, என் முகத்தைத்தான் பார்த்திருப்பாள்.

"அப்பா, தும் காஹே ஹஸத் ரஹா?" என்றாள். நாங்கள் போகும்போது நீங்கள் ஏன் சிரித்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டாள்.

உன்னை நினைத்துத்தான் சிரித்தேன் என்று சொன்னேன். அதுதான் உண்மை. என் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய உண்மையை நான் யாரிடமும் சொன்னதில்லை.

"நீங்க என்னப் பாக்கவே இல்ல" என்று இந்தியில் சொன்னாள். கோபமாகக்கூட இல்லை. "நான் கை ஆட்டினேன். நீங்க கேமராவத்தான் பாத்தீங்க."

விளக்கிச் சொல்லத் தொடங்கினேன். வெளிச்சம், பலகை, டைரக்டர், சிரிப்பு வராதது என்று ஆரம்பித்தேன். எந்த இடத்தில் குரல் உடைந்தது என்று தெரியாது, வாயைப் பொத்திக்கொள்ளவும் முடியவில்லை, விம்மி விம்மி அழுதுவிட்டேன். அவள் கோயில் நாடகங்களில் முன்வரிசையில் உட்கார்ந்து நான் அழுவதை வருஷா வருஷம் பார்த்து வளர்ந்தவள். என் சத்தம் கொஞ்சம் அடங்கியதும் மெதுவாகக் கேட்டாள்:

"முடிஞ்சுதா அப்பா? அம்மாகிட்ட குடுக்கவா?"