லிட்டருக்குப் பதினொன்று

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிச் சாலையில் கால் மணி நேரம் சென்றால், இருபுறமும் சீமைக்கருவேலம் தவிர வேறு மரம் கண்ணில் படாத நிலம் வருகிறது. மழை பொய்த்த புன்செய்களில் தானே முளைத்துத் தானே வளர்ந்த அந்த முள்மரத்தை வெட்டி அடுக்கி, மண்ணால் மூடி மூட்டம் போட்டு, உள்ளே தீயிட்டுக் கரியாக்குவது இப்பகுதியில் பலருக்குப் பிழைப்பு. அந்தக் கரியை மூட்டை மூட்டையாக டவுனுக்குக் கொண்டுவரும் பிக்கப் வண்டி ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தவர் தங்கபாண்டி.

அவர் எம்.ரெட்டியபட்டிக்காரர். பெற்றோர் பருத்தி எடுக்கும் கூலிக்குப் போனவர்கள். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, தூத்துக்குடி லாரிகளில் கிளீனராகத் திரிந்து, வண்டி ஓட்டும் தொழிலை அடியும் வசவும் வாங்கிக் கற்றார். தந்தை இறந்தபின் ஊர் திரும்பி, தங்கமாரியை மணந்து, அருப்புக்கோட்டையில் பொன்ராஜ் அண்ணாச்சியிடம் டிரைவராகச் சேர்ந்தார். அண்ணாச்சிக்குப் புண்ணாக்குக் கடையும் அதன் பின்னால் கரி கோடவுனும் இருந்தன.

தங்கபாண்டி கியர் மாற்றுவது பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. எஞ்சினின் ஓசை எப்போது கனக்கிறது, எப்போது இலேசாகிறது என்று கேட்டே அவர் கால் கிளட்சுக்குப் போகும். குடிப்பதில்லை. வண்டியை எடுக்கும்முன் நெற்றியில் நீறிட்டுக்கொள்ளாமல் சாவியைத் தொட்டதில்லை. சொத்து என்று சொல்லிக்கொள்ள அவரிடம் நல்ல பெயர் ஒன்றே இருந்தது. இந்த ஊரில் டிரைவர் வேலை அந்தப் பெயருக்குத்தான் கிடைக்கும்.

பொன்ராஜ் அண்ணாச்சியும் நேர்மையாளர். சம்பளத்தை ஒருநாள் தள்ளிக் கொடுத்ததில்லை. பழைய வண்டியை விற்றுவிட்டுப் புது வண்டி எடுத்தபோதுதான் தொல்லை பிறந்தது. ஐந்து கியர் வண்டி லிட்டருக்குப் பதினேழு கிலோமீட்டர் ஓடும் என்று விற்றவர் சொல்லியிருந்தார். சொன்ன எடை தராசில் நிற்க வேண்டும் என்று வளர்ந்த வணிகர் அண்ணாச்சி. டேங்கைக் கழுத்துவரை நிரப்பி, அடுத்த முறை நிரப்பும்போது ஓடிய தூரத்தை வகுத்துப் பார்த்தார். பதினொன்று வந்தது. மறுமுறையும் பதினொன்றுதான் வந்தது.

அந்த டீசல் எங்கே போயிற்று என்பதைத் தங்கபாண்டியின் உடம்பு அறிந்திருந்தது. கரிமூட்டங்கள் சாலையோரத்தில் இருப்பதில்லை. கரிசல் மண்ணில் முள்ளுக்கு ஊடே புகுந்து, ஒரு மூட்டத்தில் நான்கு மூட்டை, அடுத்ததில் ஆறு மூட்டை என்று சேகரித்தபடி நாளின் பாதியை முதல் கியரிலேயே ஊர்ந்தாக வேண்டும். ஏற்றும்வரை எஞ்சின் உறுமிக்கொண்டே நிற்கும். திரும்பும்போது மூட்டைகள் முன்கூரைக்கு மேலே மதில்போல் எழுந்திருக்க, ஆடிமாதக் காற்று அந்த மதிலை எதிர்த்துத் தள்ளும். நான்காவது கியருக்கு மேல் வண்டி ஏறாது. இதையெல்லாம் எடுத்துரைக்கும் சொல்வன்மை அவருக்கு வாய்க்கவில்லை. கேட்டபோதெல்லாம் ஒரே சொல்லைச் சொன்னார்.

“லோடு, அண்ணாச்சி.”

“லோடு ஏத்தாம பின்ன எதுக்குப்பா வண்டி? லோடு வண்டின்னு சொல்லித்தான வித்தான்” என்றார் அண்ணாச்சி.



பிறகு அண்ணாச்சியே பங்க்குக்கு உடன்வந்து டீசல் போட்டார். டேங்க் மூடிக்குப் பூட்டு வந்தது. சாவி கல்லாவுக்குள் போயிற்று. கணக்கு மாறவில்லை. பூட்டு மேலே இருந்தால் என்ன, டீசல் குழாய் கீழேயல்லவா இருக்கிறது என்று கடைக்கு வந்த ஒருவர் சிரித்துவிட்டுப் போனார். அண்ணாச்சி சிரிக்கவில்லை. திருட்டு என்ற சொல்லை அவர் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. ஆனால் பகலுணவுக்கு வீட்டிலிருந்து வரும் குழம்பில் தங்கபாண்டிக்கும் ஒரு கிண்ணம் ஒதுக்கும் வழக்கம் எப்படியோ நின்றுபோயிற்று.

பழி சுமந்தவர் தெய்வத்தின் முன் கற்பூரம் ஏற்றி, அதைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்வது இப்பகுதி வழக்கம். பொய்யாக அணைத்தவர் குலம் தழைக்காது என்பது நம்பிக்கை. ஆதலால் அணைத்தவரை அதன்பின் யாரும் கேள்வி கேட்பதில்லை. தங்கபாண்டி கருப்பசாமி கோயிலில் கற்பூரம் அணைக்க அனுமதி கேட்டார். அண்ணாச்சி காதைப் பொத்திக்கொண்டார்.

“வேண்டாம்ப்பா. நீ ஒரு வேகத்துல அணைச்சிருவ. நாளைக்கு ஒண்ணுன்னா உம் பிள்ளைகளுக்குல்ல ஆகும். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.”

இரக்கத்தோடு சொல்லப்பட்ட சொல் அது. தாம் திருடன் என்று அண்ணாச்சி முடிவு செய்துவிட்டதைத் தங்கபாண்டி அந்த இரக்கத்தில்தான் கேட்டார்.

சத்தியத்துக்குப் பதிலாக அண்ணாச்சி வேறு வழி சொன்னார். வரும் அமாவாசைக்கு அவர் திருச்சுழி கோயிலுக்குப் போக வேண்டியிருந்தது. பிக்கப்பிலேயே போவது, தாமே பக்கத்தில் உட்கார்வது, புறப்படும்போதும் திரும்பியபோதும் டேங்கை நிரப்பிக் கணக்குப் பார்ப்பது. லோடு ஏற்றிக்கொண்டு போகலாம் என்று தங்கபாண்டி கேட்டுப்பார்த்தார். அமாவாசையன்று சுமை தூக்குவோர் வேலைக்கு வருவதில்லை. மேலும், சாமி கும்பிடப் போகையில் கரிமூட்டை எதற்கு என்றார் அண்ணாச்சி.

செய்தி கேட்ட அழகுராஜா, தங்கபாண்டியோடு ஒருகாலத்தில் கிளீனராக இருந்து இப்போது லாரி ஓட்டுபவர், பந்தல்குடி டீக்கடையில் வைத்து அறிவுரை சொன்னார்.

“ஏலே, அவுக பக்கத்துல இருக்கையில மூணாவது கியர்லயே உருட்டு. கிளட்சுலருந்து கால எடுக்காத. பதினொண்ணு என்ன, ஒம்பதே வரும்.”

“அது திருடுறதுதானலே.”

“திருடுனேன்னுதான் சொல்லியாச்சே. செஞ்சுட்டாச்சும் அந்தப் பேர வாங்கு.”

தங்கமாரியும் அன்று இரவு கணவரிடம் ஏறக்குறைய இதையே வேண்டினாள். ஒரே ஒரு நாள் கெட்ட டிரைவராக இருந்தால் போதும் என்றாள். அவர் சரி என்று தலையசைத்தார்.

அமாவாசைக் காலையில் தங்கபாண்டி நீராடி, வண்டியைக் கழுவி, சக்கரங்களுக்குக் காற்றுச் சரிபார்த்தார். அண்ணாச்சி தேங்காய்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஏறினார். டேங்க் நிரம்பியது. ஊர் எல்லை தாண்டிச் சாலை நேராக விரிந்தபோது, மூன்றாவது கியரில் எஞ்சின் இரையத் தொடங்கியது. அப்படியே விட்டுவிட வேண்டும் என்று மனம் சொல்லிக்கொண்டிருக்கையில் கால் கிளட்சை மிதித்துவிட்டது. கை நான்குக்கும் பின் ஐந்துக்கும் போய்விட்டது. சம்பளம் கொடுப்பவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இறைவனைக் காணப் போகும் வழியில், எரிபொருளை வீணே எரிப்பதற்கு அவர் உடம்பு இணங்கவில்லை. அதோடு ஒரு நம்பிக்கையும் இருந்தது. தாம் ஓட்டும் செம்மையை ஒருமுறை கண்ணால் கண்டுவிட்டால் அண்ணாச்சியின் ஐயம் தானே விலகிவிடும் என்று நினைத்தார்.

ஆகவே தம் வாழ்நாளிலேயே மிக அழகாக அன்று ஓட்டினார். வேகத்தடை தொலைவில் தெரியும்போதே ஆக்சிலேட்டரை விட்டு, பிரேக்கைத் தொடாமல் தவழவிட்டு ஏற்றி இறக்கினார். ஆட்டுமந்தைக்கு முன்கூட்டியே வேகம் குறைத்து, நிற்காமலே கடந்தார். திருச்சுழியில் அண்ணாச்சி நெடுநேரம் கைகூப்பி நின்றார். திரும்பும் வழியில் மனம் நெகிழ்ந்து பேசிக்கொண்டே வந்தார். வண்டி தேர்போலப் போகிறது என்றும் சொன்னார். தங்கபாண்டிக்குக் கண்கள் நனைந்தன.

பங்க்கில் மறுபடி டேங்க் நிரம்பியது. அண்ணாச்சி செல்போனில் வகுத்தார். ஐயப்பட்டவர்போல இன்னொருமுறை வகுத்தார். பிறகு முகம் வாடி, சாலையைப் பார்த்தபடி அமர்ந்திருந்தார்.

“பதினாறரை வருது.”

தங்கபாண்டி டேங்க் மூடியைப் பூட்டினார்.

“நீ நல்லாத்தானப்பா ஓட்டுற. வண்டியும் நல்லாத்தான இருக்கு. பின்ன, நான் கூட இல்லாத அன்னைக்கு மட்டும் அந்த எண்ணெ எங்க போகுது?”

“லோடு, அண்ணாச்சி” என்றார் தங்கபாண்டி. தம் காதுக்கே அது திருடனின் சொல்லாகக் கேட்டது.

அண்ணாச்சி வேலையை விட்டுப் போகும்படி சொல்லவில்லை. கொஞ்சநாள் வீட்டில் இருக்கும்படி சொன்னார். தங்கபாண்டி சாவியை மேசைமேல் வைத்தபோது அண்ணாச்சி அதைத் தொடாமல் ஒரு துணியை எடுத்து மேசையைத் துடைத்தார்.

வேலை தேடிக் கடைத்தெருவில் ஏறி இறங்கியபோது எவரும் கடிந்து பேசவில்லை. மல்லாங்கிணறு வரை போனபோது அங்கே ஒருவர் டீ வாங்கிக்கொடுத்தே அனுப்பினார். பொன்ராஜ் அண்ணாச்சியே விட்டுவிட்டாரென்றால் காரணம் இல்லாமலா இருக்கும் என்பது எல்லோர் முகத்திலும் இருந்தது. தங்கபாண்டி கருவேலம் வெட்டும் கூலிக்குப் போனார். ஸ்டீயரிங் பிடித்துப் பழகிய உள்ளங்கையில் அரிவாள் புதிதாகக் கொப்புளம் எழுப்பியது.

அவர் இடத்துக்கு மதன்குமார் வந்தான். முப்பது வயதுக்காரன், முன்பு அதே வண்டியில் மூட்டை ஏற்றியவன், வண்டி ஓட்டத் தங்கபாண்டியிடமே பழகியவன். சில வாரங்களுக்குப்பின் ஷேர் ஆட்டோவில் வந்த தங்கமாரி, அதில் கேட்ட செய்தியைப் படி ஏறும்முன்பே சொன்னாள். மதன்குமாருக்குப் பத்தரைதான் வருகிறதாம். கடவுள் கண்ணைத் திறந்துவிட்டார், உடனே போங்கள் என்றாள்.

மறுநாள் வெள்ளைச் சட்டை அணிந்து நீறிட்டுக்கொண்டு கடைக்குப் போனார். அண்ணாச்சி அன்போடு வரவேற்று, நாற்காலி போட்டு, டீக்குச் சொல்லிவிட்டார். பிள்ளைகளின் படிப்பை விசாரித்தார். டீ பாதி ஆனபோது தங்கபாண்டி மெல்லத் தொடங்கினார்.

“மதனுக்கும் பத்தரைதான் வருதாமே, அண்ணாச்சி.”

அண்ணாச்சி அவரை நெடுநேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் சினம் இல்லை, அலுப்பு இருந்தது.

“ஆமா” என்றார். “உங்கிட்டத்தான அவன் பழகுனான்.”

ஓட்டுவதை மட்டும் பழகினான் என்ற பொருளில் அவர் சொல்லவில்லை. தங்கபாண்டி மீதி டீயைக் குடித்துவிட்டு எழுந்தார். போய்வருகிறேன் என்று சொன்னார். 

படியிறங்கியபோது பிக்கப் தெருவுக்குள் நுழைந்தது. கூரைக்கு மேல் கரிமூட்டைகள் எழுந்திருந்தன. கோடவுனுக்கு ஏறும் சிறு மேட்டில் மதன்குமார் முதல் கியரைப் போட்டான். சுமையை இழுக்க மாட்டாமல் எஞ்சின் அடிவயிற்றிலிருந்து கதறியது. கரும்புகை தெருவை மூடியது. அந்தக் கதறலைக் கடைத்தெரு முழுவதும் கேட்டிருக்கும். தங்கபாண்டி திரும்பி அண்ணாச்சியைப் பார்த்தார்.

அண்ணாச்சி ஒரு கிழவிக்குப் புண்ணாக்கு நிறுத்துக்கொண்டிருந்தார். தராசு முள்ளின் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வண்டி ஏறுவதற்கு வழிவிட்டுச் சுவரோடு ஒதுங்கி நின்ற தங்கபாண்டி, அது உள்ளே போனபின் பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தார்.