இரண்டு ஏரிக்காரர்

தேக்கடி ஏரிக்கரையில் அந்த வனக்காவலரைப் பார்த்ததுமே எனக்கு வயிறு எரிந்தது. சிவகாசியில் ஒரு குடம் தண்ணீருக்குக் கிணற்றடியில் காத்துக் கிடக்கிறவன் நான். அவரோ வாசலிலேயே அவ்வளவு பெரிய ஏரியை வைத்துக்கொண்டு, அதற்கு முதுகைக் காட்டியபடி கணுக்காலில் புகையிலைத் தூளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சுற்றிப் பார்க்க வந்த எங்களைக் காட்டுப் பாதையில் அழைத்துப் போகும்போதும் அடிக்கடி குனிந்து தேய்த்தார். ரத்தம் உறிஞ்சும் அட்டை காலில் ஏறாமல் இருக்கவாம்.

அவர் சாத்தூர்ப் பக்கத்து ஆள். என் பேச்சைக் கேட்டு ஊரைக் கண்டுபிடித்துவிட்டார். குடிசைக்குக் கூட்டிப்போய் டீ கொடுத்தார். சுவரில், தேதித் தாள் தீர்ந்துபோன பழைய காலண்டர். எங்கள் அச்சகத்தில் நானே மிஷினில் ஓட்டிய மலை ஏரிப் படம். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு இங்கே வரும் ஆசையே வந்தது.

"வாசல்லயே ஏரி இருக்கையில படத்தை எதுக்கு மாட்டியிருக்கீக?" என்றேன்.

"அதுல அட்டை கெடையாதுல்ல தம்பி. மழையும் பெய்யாது. எம்புட்டு நேரம்னாலும் ஒக்காந்து பாக்கலாம்."

அட்டை கடித்த காலோடு ஊர் திரும்பினேன். அதன் பிறகு மிஷினில் நீல மை ஊற்றும்போதெல்லாம் அவர் நினைப்புத்தான். அந்த மனுஷனுக்கு இரண்டு ஏரி. எனக்கு அதே கிணற்றடி.