அப்பா தட்டிய கீழ் சுவிட்ச்

அப்பாவை அடக்கம் செய்த மறுநாள் மாலை, எங்கள் ஈப்போ வீட்டு மாடிப்படி விளக்கு தானாக எரிந்தது. அப்பா திரும்பி வந்துவிட்டார் என்று நம்பினேன். ஐம்பது வயதில், சபையில் வேதம் வாசிக்கிறவன் நம்பக் கூடாததைத்தான் நம்பினேன்.

அப்பா பீடோர் அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். அங்கே தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்கு இஞ்சின் கரண்ட் மாலையில்தான் வரும். வந்ததும் எழுந்து விளக்கைப் போடுவது அவர் பொறுப்பு. தோட்டம் கைமாறி, ஈப்போவுக்கு வந்து, காவலாளியாக நின்று எங்களைப் படிக்கவைத்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. நான் இருட்டில் மாடி ஏறக் கூடாது என்று, முழங்கால் வலியோடு தினமும் எழுந்து போய்ப் படியின் கீழ் சுவிட்சைத் தட்டுவார். காலையில் மறுபடி தட்டி அணைப்பார்.

அவருக்கு அந்தச் சிரமம் வேண்டாம் என்று, மேல் சுவிட்சைக் கழற்றிவிட்டு டைமர் பொருத்தினேன். மாலை ஏழுக்குப் போடும், காலை ஏழுக்கு அணைக்கும். மேலும் கீழும் சுவிட்ச் உள்ள விளக்கு, எந்தப் பக்கம் தட்டினாலும் எரிவது அணையும், அணைந்தது எரியும்; எந்த வயர் எங்கே என்று வியர்த்து விறுவிறுத்து மாட்டினேன். இனி எழ வேண்டாம் என்றேன். சரி என்றார்.

அன்று முதல் நான் வீடு திரும்பும்போதெல்லாம் படி இருட்டு. என் வயரிங் தோற்றதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு, கைப்பேசி வெளிச்சத்தில் ஏறினேன்.

அப்படிச் செத்துக் கிடந்த விளக்குதான் அன்று எரிந்தது. கீழே ஜெபத்துக்கு ஆட்கள் கூடிவிட்டார்கள். தொடங்க வேண்டியவன் நான். மாடி அறையைத் தாழிட்டுக்கொண்டு, பாதிப் பொத்தான் போட்ட சட்டையோடு நின்றேன். இறங்க அந்தப் படி ஒன்றுதான் வழி. சன்னலில் இரும்புக் கம்பி. திருடனுக்குப் பயந்து நானே போட்டது. என் வயரிங் லட்சணத்தை விசாரிக்கத்தான் அப்பா வந்திருக்கிறார் என்று உறுதியாகத் தோன்றியது. கீழே இருந்த அக்காவைப் போனில் கூப்பிட்டேன்.

"அக்கா, படி லைட்டு தானா எரியுதுக்கா."

"தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு வண்டி சொல்லவா? ரெண்டு நாளா எரியுது, கூட்டத்துல நீ பாக்கல. எறங்கி வாடா."

"நீதான் போட்டியா?"

"நான் ஏன் தொடப்போறேன்? அப்பாதான் தெனமும் ஏழு மணிக்கு எந்திரிச்சுப் போயி தட்டுவாரு. வேணாம்பான்னு சொன்னாலும் கேக்க மாட்டாரு. தம்பி இருட்டுல வருவான்லா, அப்படிம்பாரு."

மீதிப் பொத்தான்களைத் தப்பாகப் போட்டு, கழற்றி, மறுபடி போட்டேன். இறங்கிவரக் கொஞ்ச நேரமாயிற்று.

அப்பாவின் இந்த முதலாம் ஆண்டு நினைவு நாளில், கடைசி மாதங்களில் தெலுக் இந்தானிலிருந்து வந்து அப்பாவுடன் தங்கிய அக்காவுக்கும், சவப்பெட்டி சுமந்த தோட்டத்து உறவுகளுக்கும், நான் இறங்கும்வரை இன்னொரு பாட்டுப் பாடிச் சமாளித்த சபையாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

டைமர் ஒருநாளும் கெடவில்லை. ஏழு மணிக்கு அது விளக்கைப் போட்டது. வானம் முழுக்க இருட்டாத அந்த நேரத்தில், கண்புரை விழுந்த அப்பாவுக்கு அது தெரியவில்லை. எனக்காக எழுந்து போய்த் தட்டினார், விளக்கு அணைந்தது. காலையில் டைமர் மாறியதும் அது மறுபடி எரிந்தது. அதையும் தட்டி அணைத்தார். நித்திரையடைந்த அன்று காலையிலும் தட்டினார், சுவிட்ச் பழைய நிலைக்குத் திரும்பியது. அதன்பின் கீழ் சுவிட்சை யாரும் தொடவில்லை. இந்த ஓராண்டாகப் படி விளக்கு ஏழு மணிக்குச் சரியாக எரிகிறது.