அவர் கண்ணும் என் தொட்டியும்

கடலில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களுக்குப் பெயிண்ட் அடிப்பது என் கணவருக்கு வேலை. மேலே வெயில், கீழே தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெயில். கறுப்புக் கண்ணாடி போடுங்கள் என்றால் சிரிப்பார்.

"நான் என்ன சினிமா ஹீரோவா? நம்ம தோலுக்கு வெயில் ஒண்ணும் பண்ணாது லா."

தோலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். கண்ணை நினைக்க எங்கள் இரண்டு பேருக்கும் புத்தியில்லை.

எழுபதுகளின் கடைசியில் அவருடைய கண்கள் இரண்டிலும் மூக்கோரமாகச் சதை வளரத் தொடங்கியது. வெட்டி எடுத்தார்கள். முன்பைவிடத் தடிப்பாக வளர்ந்து, சில வருடங்களில் கருவிழியை மறைத்தது. வேலை போயிற்று. அதற்குப் பிறகு தோ பாயோ வட்டாரத்தில் இருந்த எங்கள் அடுக்குமாடி வீட்டில் அடுப்பு எரிந்தது என் சம்பளத்தில்தான்.

நான் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் சர்க்கியூட் போர்டு கழுவிக்கொண்டிருந்தேன். தொட்டியில் இருக்கும் திரவத்தில் முக்கி எடுத்தால் பிசுக்கெல்லாம் போய்விடும். கையில் பட்டால் சில்லென்றிருக்கும், துடைப்பதற்குள் காய்ந்துவிடும். அது எங்கே போகிறது என்று யார் யோசித்தார்கள்?

எண்பதுகளின் கடைசியில் ஒருநாள் சூப்பர்வைசர் எங்களையெல்லாம் கூட்டி வைத்துச் சொன்னார். "இந்த லிக்விட் மேல போய் ஓசோன் லேயரைத் தின்னுதாம். அது மெலிஞ்சா வெயில்ல அல்ட்ரா வயலட் கூடும், கண்ணு கெடும். வேற லிக்விட் வர்ற வரைக்கும் இதையே யூஸ் பண்ணுங்க."

பூமத்திய ரேகைப் பக்கம் ஓசோன் எப்போதுமே மெல்லியது, என் கணவர் கண்ணைக் கெடுக்க எங்கள் வெயிலே போதும் என்பதெல்லாம் பின்னாளில் படித்தது. அதே திரவம் பூமியைச் சூடாக்கவும் செய்கிறது என்றும் படித்தேன். அன்றைக்கு மனதில் ஓடியது ஒன்றுதான்: இன்னும் எத்தனை பேர் கண்ணோ!

வீட்டுக்கு வந்ததும் விஷயத்தைச் சொல்லி, "நான் வேலையை விட்டுடறேங்க" என்றேன்.

அவர் ஞாயிறு தவறாமல் சர்ச்சில் ஊருக்கெல்லாம் வேண்டிக்கொள்கிற மனிதர்.

"எனக்குத்தான் போயிடுச்சே. இனி எவன் கண்ணு போனா நமக்கென்ன? நீ வேலைக்குப் போ."

எனக்குக் கோபம் வரவில்லை, இவரா இப்படிப் பேசுகிறார் என்று பயம்தான் வந்தது. அரிசி களைந்துகொண்டே யோசித்தபோது எனக்கும் அவர் சொன்னது நியாயமாகப் பட்டது.

மறுநாள் காலை வழக்கமான பஸ்ஸில் வேலைக்குப் போனேன்.