பெரியப்பா வீட்டு நாய்க்கு வயிற்றுப்போக்கு

அந்த நாய் கிழடு தட்டித்தான் செத்தது. என் அம்மாவுக்கு அது வாய்க்கவில்லை.

பெரியப்பா சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்ததும் வாங்கிய நாய். வெள்ளை முடி, முயல் அளவுதான் இருக்கும். கந்தர்வக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் இரண்டு வீடும் அடுத்தடுத்து. நாய் அவர்களுடையது, அதன் பீயை அள்ளுவது அம்மாவுடைய வேலை. தம்பி பெண்டாட்டி என்றால் சம்பளமில்லாத வேலைக்காரி என்று எங்கள் குடும்பத்தில் யாரும் சொன்னதில்லை. சொல்லாமலே நடந்தது.

அம்மாவுக்கு ரொம்ப நாளாக வயிற்று வலி. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு அடுப்படித் தரையில் குப்புறப் படுத்துக்கொள்வாள். அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், “சூடுதான். தொப்புள்ல வெளக்கெண்ண வை” என்பார். அவளும் வைத்தாள். அவள் சேலைகளில் எல்லாம் வயிற்றுப் பக்கம் எண்ணெய்க் கறை இருக்கும்.

முந்திரிக்கொல்லைக்குள் இருக்கும் குலசாமிக்குக் கிடா வெட்டிய அன்று, வந்தவன் போனவனெல்லாம் நாய்க்குக் கொழுப்பும் எலும்புமாகப் போட்டான். மறுநாள் காலையில் அது வாந்தி எடுத்தது. தண்ணீராகப் போனது. பிறகு சுருண்டு படுத்துவிட்டது. அம்மா தனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தாள். விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்து, நாயை மல்லாத்தி, முடியை விலக்கி விலக்கித் தொப்புளைத் தேடினாள்.

பெரியம்மா பார்த்துவிட்டார். “ஏய், அது என்ன ஒன்ன மாதிரியா? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருச்சுன்னா?”

உடனே கார் எடுத்தார்கள். வலியில் இருந்த நாய் மற்றவர்கள் தொட்டால் கடிக்க வந்தது. அதனால் அம்மா மடியில் வைத்துக்கொண்டாள். நானும் தொற்றிக்கொண்டேன். அம்மா அந்த ஏசி காரில் ஏறியது அன்றைக்குத்தான்.

புதுக்கோட்டையில் நாய் டாக்டர் பொறுமையான ஆள். என்ன தின்றது, எப்போதிருந்து போகிறது, ரத்தம் கலந்து போகிறதா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் அம்மாதான் பதில் சொன்னாள். “ரத்தமெல்லாம் இல்ல சார்.” அவர் வயிற்றை மெல்ல அமுக்கிப் பார்த்து ஊசி போட்டார்.

“இன்னைக்குச் சோறு வேணாம். தண்ணி மட்டும் கொஞ்சங் கொஞ்சமா குடுங்க. நாளைக்கு வெறுஞ்சோத்தக் கொழைய வடிச்சுக் குடுங்க. அப்பயும் நிக்கலன்னா தள்ளிப் போடாமக் கூட்டியாங்க.”

அம்மா எழுந்திருக்கவில்லை. “சார், மனுசருக்கு ரத்தங் கலந்து போனா என்ன செய்யணும்?”

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் பெரியப்பா, “ஏம்மா, வந்ததுதான் வந்தோம், ஒனக்கும் சேத்து ஒரு ஊசி போடச் சொல்லவா?” என்றார். பெரியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மருந்து எடுத்துக் கொடுத்த பையனும் சிரித்தான்.

“யாருக்கும்மா?” என்று டாக்டர் கேட்டார்.

“சும்மா கேட்டேன் சார்” என்று அம்மாவும் சிரித்தாள்.

மறுநாள் நாய் எழுந்து ஓடியது. அடுத்த வருஷம் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில், இவ்வளவு முற்றும் வரை என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். சூடு என்று நினைத்தோம் என்றார் அப்பா.

அன்றைக்குக் காரில் திரும்பும்போது பெரியம்மா அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார். அவர்கள் முன்னால் வாயே திறக்காத அம்மா, இத்தனை பேரைச் சிரிக்க வைத்துவிட்டாளே என்று எனக்கு ஒரே பெருமை.